மினுக்கும் ரூஃப் லைட்: அரை வோல்ட்டின் வரவு செலவு

ஏழு பேர் அமரும் குடும்ப வேன் ஒன்றின் உள்விளக்குகளை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். முன்னிருக்கைக்கு மேலே 5 வாட் பல்பு 2, நடுவரிசைக்கு 10 வாட் பல்பு 1, டிக்கியில் 5 வாட் பல்பு 1. மொத்தம் 25 வாட். அதே வண்டியின் ஆல்டர்னேட்டர் 90 ஆம்பியர் திறன் உடையதென்றால், 14 வோல்ட்டில் அது தரக்கூடியது 1,260 வாட். உள்விளக்குகளின் பங்கு 2 சதவீதம். ஹெட்லைட் இரண்டும் லோ பீமில் 110 வாட், அதாவது 8.7 சதவீதம். வண்டியிலேயே மிகக் குறைவாக மின்சாரம் உண்பவற்றில் ஒன்று ரூஃப் லைட். ஆனால் மின்சாரத்தில் கோளாறு என்றால் வீட்டார் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

இதற்குக் காரணம் 3.4 என்ற எண். டங்ஸ்டன் இழை பல்பின் ஒளி, வோல்ட்டின் 3.4 ஆவது அடுக்கை ஒட்டி ஏறி இறங்கும். 12.6 வோல்ட்டில் கிடைக்கும் ஒளியை 100 என்று வைத்தால், 12.2 வோல்ட்டில் அது 90. வோல்ட் 3.2 சதவீதம் குறைய, ஒளி 10 சதவீதம் குறைகிறது. எஞ்சின் ஓடி 14.2 வோல்ட் வந்தால் ஒளி 150. ஸ்டார்ட் செய்யும் விநாடியில் 9.6 வோல்ட்டுக்கு இறங்கினால் 40. ஆக, சாவியைத் திருப்பும்போது 100, 40, 150 என்று ஒளி தாவுவது கோளாறு அல்ல. கணக்கு அப்படித்தான் வரும். 9.6 வோல்ட்டுக்கும் கீழே போனால் மட்டும் பாட்டரியையோ ஸ்டார்ட்டரையோ பார்க்க வேண்டியிருக்கும்.

பாட்டரியின் மேல் சந்தேகம் எளிதில் விழுகிறது. எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் முழு சார்ஜ்; 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9 என்றால் காலி. முழுமைக்கும் காலிக்கும் இடையே உள்ள தூரம் வெறும் 0.7 வோல்ட். அது ஒரே இரவில் மெல்ல இறங்கும். ஒரு விநாடிக்குள் இறங்கி ஏறாது. விளக்கு நாளடைவில் மங்குகிறது என்றால் பாட்டரியைச் சொல்லலாம். விநாடிக்கு விநாடி மினுக்குகிறது என்றால் பாட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே எங்கோ, அல்லது ஆல்டர்னேட்டரில், காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்கும்போது முதல் எண் 40. 90 ஆம்பியர் என்று பொறித்த ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் அதில் பாதிகூடத் தராமல் போகலாம். 40 ஆம்பியர் என்று கொள்வோம். இரவு நேரம், சிக்னல், ஏசி முழு வேகம். ஹெட்லைட் 8 ஆம்பியர், டெயில் லைட்டும் மீட்டரும் 3, ஏசி புளோயர் 18, பெட்ரோல் பம்பும் இக்னிஷனும் 10. கூட்டினால் 39 ஆம்பியர். வரவு 40, செலவு 39. ஏசி கம்ப்ரஸர் இழுக்கும் நேரத்தில் அதன் கிளட்ச்சுக்கு 4, ரேடியேட்டர் ஃபேனுக்கு 12 சேர்ந்து செலவு 55 ஆகிறது. 15 ஆம்பியர் துண்டு விழுகிறது. பாட்டரி ஈடு செய்கிறது. 14.2 வோல்ட் சில விநாடிகளில் 13 ஆக இறங்கினால் ரூஃப் லைட்டின் ஒளி 26 சதவீதம் குறையும். கம்ப்ரஸர் விட்டதும் மீளும். மினுக்கலின் இடைவெளியும் கம்ப்ரஸர் பிடித்து விடும் இடைவெளியும் ஒன்றாக இருந்தால் வேறு தேடல் வேண்டியதில்லை. 10 நிமிட நெரிசலில் இந்தத் துண்டு 2.5 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பாட்டரியில் 5.6 சதவீதம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1,500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனால் மினுக்கல் நிற்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. நிற்காமல் கீச்சென்ற ஒலியும் கேட்டால் ஃபேன் பெல்ட் நழுவுகிறது.

மே மாதத்தில் இதில் ஒரு திருத்தம் உண்டு. ஈய-அமில பாட்டரியின் சார்ஜ் வோல்ட்டை, வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறும்போது ஏறத்தாழ 0.024 வோல்ட் குறைப்பது வழக்கம். 25 டிகிரியில் 14.4 வோல்ட் தரும் ரெகுலேட்டர் 40 டிகிரியில் 14.04 தரும். பானட்டுக்குள் வெப்பம் இன்னும் கூடுதல். வேலூர் வெயிலில் 13.9 என்று மீட்டர் காட்டியதை வைத்து ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டுவது அவசரம்.

ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு கெட்டால் மினுக்கல் வேறு வகையாக இருக்கும். 12 துருவ, மூன்று பேஸ் ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலைகள் தரும். எஞ்சின் ஐட்லிங் 800 ஆர்பிஎம், புல்லி விகிதம் 2.5 என்றால் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்று, விநாடிக்கு 33.3 சுற்று, அலைகள் விநாடிக்கு 1,200. எந்தக் கண்ணுக்கும் இது தெரியாது. ஒரு டயோடு திறந்துபோனால் அலைகளின் வரிசையில் விழும் பள்ளம் விநாடிக்கு 200 தரம் வரும். மனிதக் கண் தனித்தனியாக உணர்வது பொதுவாக விநாடிக்கு 60 வரைதான். ஆகவே டயோடு ஒன்று கெட்டதை நேராகப் பார்த்து அறிவது கடினம். எல்இடி விளக்கைச் செல்போன் கேமராவில் பார்த்தால் கோடுகளாகத் தெரியலாம். விளக்கை மங்கவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் விநாடிக்கு 100, 200 தரம் அணைத்து ஏற்றும் முறையில் இயங்கக்கூடும் என்பதால் கேமராக் கோடு மட்டும் சான்று ஆகாது. பாட்டரி முனையில் மாறுமின்னோட்ட (ஏசி) வோல்ட் அளப்பதே சரி. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம், 0.5ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைக் கழற்றலாம். இங்கே மலிவு மல்டிமீட்டர் ஏமாற்றும். அவற்றில் பல, டிசி மின்சாரத்தையும் ஏசி என்று எண்ணி 14 வோல்ட் பாட்டரியில் 31 வோல்ட் காட்டும். ஒயர்களை மாற்றிப் பிடித்தால் 0 காட்டும். அப்படிக் காட்டும் மீட்டர் இந்த ஒரு சோதனைக்கு உதவாது. டிசி வோல்ட் அளக்க அது போதும்.

இனி எர்த். பழைய வண்டிகளில் மினுக்கலுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். அந்த அளவுக்கு எண்கள் இதன் பக்கம் நிற்கின்றன. 25 வாட் விளக்குகளின் மொத்தத் தடை 12 வோல்ட்டில் 5.76 ஓம். 12.6 வோல்ட்டில் மின்னோட்டம் 2.19 ஆம்பியர். கூரை விளக்குகளின் எர்த் ஒயர் பாடியில் பிடிக்கும் போல்ட்டில் துரு ஏறி 0.5 ஓம் தடை சேர்ந்தது என்று வைப்போம். மின்னோட்டம் 2.01 ஆகிறது, போல்ட்டில் மட்டும் 1 வோல்ட் வீண், விளக்குக்குக் கிடைப்பது 11.6; ஒளி 25 சதவீதம் குறைவு. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது போல்ட் அசைந்து 0.5 ஓம் 0 ஆகி மீண்டும் 0.5 ஆனால், ஒளி 75க்கும் 100க்கும் இடையே ஆடும். மினுக்கல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த 25தான். கவனிக்க வேண்டியது: மின்னோட்டம் 8 சதவீதம் குறைந்திருக்கிறதே தவிரக் கூடவில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது. மினுக்கலுக்கு மருந்தாக 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுவதில் பயன் பூஜ்யம், ஆபத்து மட்டும் மிச்சம்.

அதே எர்த் போல்ட்டைப் பின்கண்ணாடி வைப்பரும் பகிர்ந்துகொண்டால் நிலைமை மோசமாகும். வைப்பர் மோட்டார் 3 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், 0.5 ஓமில் விழும் வோல்ட் 2.4 ஆகிறது. விளக்குக்கு 10.2 வோல்ட், ஒளி 49. வைப்பர் போட்டால் விளக்கு பாதியாவதும் நிறுத்தினால் மீள்வதும், இரண்டுக்கும் பொதுவான ஒரு போல்ட்டைக் காட்டிக்கொடுக்கின்றன.

சோதனை எளிது. விளக்குகளை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை விளக்கின் எர்த் ஒயரிலும் வைத்து டிசி வோல்ட் பார்க்க வேண்டும். 0.1க்குள் இருந்தால் எர்த் நன்று. 0.3 என்றாலே போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு ஓம் அளப்பது வீண். மலிவு மீட்டரின் ஒயர்களே 0.3, 0.5 ஓம் காட்டும்.

பாட்டரி டெர்மினலின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே பூத்த வெள்ளைப் பொடியால் 0.01 ஓம் தடை மட்டும் சேர்ந்தாலும், ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது 1.5 வோல்ட் விழும். டெர்மினலில் 225 வாட் சூடாக வீணாகும். ஆனால் ரூஃப் லைட்டின் 2 ஆம்பியருக்கு அதே இடத்தில் 0.02 வோல்ட்தான். எனவே எஞ்சின் ஓடாதபோது விளக்கு நன்றாக எரிகிறது என்பது டெர்மினலுக்கு நற்சான்று அல்ல.

டிக்கிக் கதவின் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர் இன்னொரு வகை. 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.2 மில்லிமீட்டர் கம்பிகள் 16 இருக்கும். டிக்கியை நாளுக்கு 4 தரம் திறந்தால் 10 ஆண்டில் 14,600 மடக்கல். ஒவ்வொரு கம்பியாக அறுந்து 16இல் 12 போய்விட்டது, மிச்சம் 4 என்று கொள்வோம். விளக்கு 4இல் ஒரு பங்காக மங்குமா? மங்காது. இந்தச் செம்பு ஒயரின் தடை மீட்டருக்கு 0.037 ஓம். அறுந்த இடம் 1 சென்டிமீட்டர். அதன் தடை 0.00037 ஓமிலிருந்து 4 மடங்காகி 0.0015 ஓம். 0.42 ஆம்பியர் இழுக்கும் டிக்கி விளக்குக்கு இதனால் இழப்பு 0.0006 வோல்ட். 16 கம்பியில் 15 அறுந்தாலும் மீட்டருக்கும் கண்ணுக்கும் தெரியாது. பதினாறாவதும் அறுந்து, முனைகள் உறைக்குள் தொட்டும் தொடாமலும் கிடக்கும்போதுதான் மினுக்கல் தொடங்கும். அதுவும் 100 அல்லது 0, நடுவே எதுவும் இல்லை. முழுதாக அணைந்து முழுதாக எரிகிறது, கதவை அசைத்தால் மாறுகிறது என்றால் ஒயர். பாதி மங்கி மீள்கிறது என்றால் எர்த் அல்லது ஒயர்கள் இணையும் கப்ளர். இந்த ஒரு பிரிவினை பாதி வேலையை முடித்துவிடும்.

எல்இடி மாற்றியவர்களுக்குத் தனிக் கணக்கு. மலிவான எல்இடி பல்பில் 3 சில்லுகள் தொடராக 9.3 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதியை ஒரு ரெசிஸ்டர் தாங்குகிறது. 12.6 வோல்ட்டில் மீதி 3.3, 12.2இல் 2.9, ஒளி 12 சதவீதம் குறைவு. இழை பல்புக்கு 10 என்று பார்த்தோம். பெரிய வேறுபாடு இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது 9.6 வோல்ட்டில் மீதி 0.3, ஒளி ஏறத்தாழ 9 சதவீதம். இழை பல்பு 40இல் நின்ற இடத்தில் எல்இடி அநேகமாக அணைந்தே போகிறது. இழை சூடு ஆறச் சற்று நேரம் எடுப்பதால் விநாடிக்கு 100 முறை வரும் ஆட்டத்தை அது மூடிமறைக்கும். எல்இடிக்கு அந்தச் சூடு கிடையாது. மறுபுறம், 4 எல்இடியும் சேர்ந்து 3 வாட், 0.24 ஆம்பியர்தான். துருப்பிடித்த 0.5 ஓம் எர்த்தில் இழப்பு 0.12 வோல்ட், ஒளிக் குறைவு 25க்குப் பதில் 4 சதவீதம். எல்இடி போட்டதும் மினுக்கல் போய்விட்டது என்றால், துரு அங்கேயே இருக்கிறது. அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுக்குவதற்குக் காரணம் வேறு: கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து கசியும் 5 மில்லி ஆம்பியர் போன்ற சிறு மின்னோட்டம் இழை பல்பின் 417 மில்லி ஆம்பியரில் 1.2 சதவீதம், 60 மில்லி ஆம்பியர் எல்இடியில் 8 சதவீதம்.

கதவு சுவிட்ச் சிக்கிக்கொண்டு விளக்கு இரவெல்லாம் எரிந்தால் 8 மணி நேரத்தில் 25 வாட் பல்புகள் 16.7 ஆம்பியர்-மணி தின்னும். பாட்டரியின் 45இல் 37 சதவீதம். எல்இடி என்றால் 1.9, அதாவது 4.2 சதவீதம்.

செலவு. கீழே உள்ளவை கணக்குக்காகக் கொண்ட தொகைகள். ஊருக்கும் வண்டிக்கும் மாறும். பாட்டரி 5,500 ரூபாய், ஆல்டர்னேட்டர் 12,000, எல்இடி செட் 600. மூன்றையும் வரிசையாக மாற்றினால் 18,100 ரூபாய். எர்த் போல்ட்டின் 0.5 ஓம் அப்படியே இருக்கும். மல்டிமீட்டர் 400, உப்புத்தாளும் டெர்மினல் கழுவச் சமையல் சோடாவும் 30, எலக்ட்ரீஷியன் கூலி 300 என்றால் 730 ரூபாய். முன்னதில் 4 சதவீதம். பாட்டரியை மாற்றியே தீரவேண்டும் என்று 12.2க்கும் 11.9க்கும் இடையிலான எண் ஒன்று, சார்ஜ் ஏற்றிய பிறகும் மறுபடி மறுபடி வந்தால், வரிக் குறைப்பு சிறிது உதவும். ஈய-அமில பாட்டரிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதம் ஆனது. முன்பு 5,500 ரூபாய்க்கு விற்றதன் அடிப்படை விலை 4,297. இப்போது வரியோடு 5,070. குறைவு 430 ரூபாய், 7.8 சதவீதம். ஒரு மல்டிமீட்டரின் விலையை விடச் சற்றே அதிகம்.

எல்லாம் சரிசெய்த பின்னும் முன்பக்கத்து இடது விளக்கும் வலது விளக்கும் ஒரே அளவு ஒளி தராமல் இருக்கலாம். டபிள்யூ5டபிள்யூ வகை 5 வாட் பல்புக்குச் சர்வதேச விதி வகுத்த ஒளி 13.5 வோல்ட்டில் 50 லூமென். கூடுதல் குறைவு 20 சதவீதம் அனுமதி. ஒன்று 40, மற்றது 60 என்று இருந்தாலும் இரண்டும் புதியவை, இரண்டும் விதிக்கு உட்பட்டவை. அந்த 20 லூமெனுக்காக எந்த ஒயரையும் கழற்ற வேண்டியதில்லை.