மின் கட்டணம் திடீரென எகிறியதா? வீட்டுக்குள் யார் ‘குடிக்கிறார்’ என்று கண்டுபிடிப்பது எப்படி

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஞாபகம் இருக்கா? மார்ச் 18-இல் தொடங்கிய மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, பி.கே.பி.யால், தெனாகா நேஷனலின் மீட்டர் வாசிப்பு நின்றுபோனது. மே நடுவில் அது மீண்டும் தொடங்கியதும் அனுமான பில் போய் உண்மைக் கணக்கு வந்தது. நாடு முழுவதும் ஒரே கூச்சல். செலாயாங்கில் மொத்த வியாபாரச் சந்தையைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் ஏப்ரல் 20 முதல் இன்னும் கடுமையான பி.கே.பி.டி.க்குள் போயிருந்தன. வாசலைத் தாண்டவே முடியாத வீட்டில் மின்விசிறியும் டிவியும் ஏர்கோனும் நாள் முழுக்க ஓடாமல் வேறு என்ன செய்யும்? கடைசியில் அரசாங்கம் மூன்று மாதங்களுக்கு, மாதம் 77 ரிங்கிட் வரை கழிவு அறிவித்தது.

அப்போது காரணம் எல்லாருக்கும் தெரியும். இப்போது நிலைமை வேறு. வேலைக்குப் போகிறோம், வீடு பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது, ஆனாலும் பில் ஏறுகிறது. வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்களுக்குள் இது சண்டையாகவே முடியும்: “உன் ரூம் ஏர்கோன்தான்!” பழி சொல்வதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ரிங்கிட்டைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள்

பில்லில் முதலில் தேட வேண்டியது மூன்று விஷயம்: எத்தனை கிலோவாட் மணி, எத்தனை நாள், வாசிப்பு உண்மையானதா அனுமானமா. போன மாதம் 30 நாளுக்கு 390 யூனிட், இந்த மாதம் 34 நாளுக்கு 442 யூனிட் என்றால் இரண்டுமே நாளுக்கு 13 யூனிட்தான். ஒன்றும் ஏறவில்லை, நாள்தான் கூடியிருக்கிறது.

யூனிட் கொஞ்சம்தான் ஏறியது, பணம் மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் 600 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் நடப்புக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு மின்சக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். அதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை கழியும். 600 யூனிட் வீட்டுக்கு அந்தக் கழிவு யூனிட்டுக்கு 9 சென். 601 ஆனதும் அது 7.5 சென்னாகக் குறையும், அதுவும் மொத்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்து. அதோடு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் வந்து ஒட்டிக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால் 212.58 ரிங்கிட்டிலிருந்து 231.95 ரிங்கிட். ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 வெள்ளிக்கு மேல்! எரிபொருள் விலைச் சரிக்கட்டலும், 600-க்கு மேற்பட்ட பகுதிக்கான 8 விழுக்காட்டுச் சேவை வரியும் இதற்கு மேல்தான். எனவே 590-இல் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் ஒரு பழைய ஐஸ்பெட்டி கொஞ்சம் மக்கர் பண்ணினாலும் பில்லில் பளிச்சென்று தெரியும்.

மீட்டர் விளக்கைக் கவனிங்க

ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய வீடு என்றால் மைடிஎன்பி செயலியில் அன்றாடப் பயன்பாடு தெரியும். எந்தத் தேதியில் ஏறியது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. விருந்தாளி வந்த வாரமா, அல்லது ஒரு நாளில் ஏறி அப்படியே இறங்காமல் நிற்கிறதா? முதலாவது பழக்கம். இரண்டாவது பெரும்பாலும் ஏதோ ஒரு பொருளின் கோளாறு.

செயலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில், ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 1,000. அப்படியானால் 3,600-ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுங்கள், அந்த நொடியில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 36 விநாடி என்றால் 100 வாட். 3.6 விநாடி என்றால் 1,000 வாட்.

இரவு எல்லாரும் தூங்கியபின், ஏர்கோனையும் விசிறியையும் நிறுத்திவிட்டு இதை ஒருமுறை செய்யுங்கள். 100 வாட் தொடர்ந்து ஓடினால் மாதம் 72 யூனிட். அதைவிட அதிகமாக இருந்தால் மின்பெட்டியில் உள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது சிமிட்டல் சட்டென்று மெதுவாகிறதோ, அந்த வரிசையில்தான் ஆள் இருக்கிறார்.

வழக்கமான சந்தேக நபர்கள்

என் கணிப்பில் அதிகம் தப்பிக்கும் குற்றவாளி வாட்டர் ஹீட்டர். சுவரில் சின்னதாக இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. உடனடியாகச் சூடாக்கும் வகை சுமார் 3,600 வாட் இழுக்கும். ஐந்து பேர் காலையும் மாலையும் தலா 10 நிமிடம் குளித்தால் நாளுக்கு 6 யூனிட், மாதம் 180. மழைக்காலத்தில் ஏன் பில் இறங்கவில்லை என்பதற்கு இதுவே பதில்: ஏர்கோன் ஓய்வெடுத்தது, ஹீட்டர் ஓவர்டைம் பார்த்தது.

ஏர்கோனில் சிக்கல் வேறு மாதிரி. அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நிற்க வேண்டும். வடிகட்டியில் தூசி அடைத்தாலோ வாயு குறைந்தாலோ அறை 24 டிகிரியைத் தொடவே தொடாது, கம்ப்ரஸரும் நிற்காது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் அப்படி இரவு 8 மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 7 யூனிட் போய்விடும். வெளியே இருக்கும் பெட்டியின் சத்தத்தைக் கேளுங்க, நிற்கிறதா இல்லையா என்று.

ஐஸ்பெட்டியின் கதவில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது. தண்ணீர்ப் பம்ப் வைத்த வீடுகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு: கழிப்பறைத் தொட்டி ஒழுகினால் யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் இரவெல்லாம் விட்டுவிட்டு ஓடும். தண்ணீர் பில்லும் கூடவே ஏறியிருந்தால் முதலில் அங்கே போங்கள்.

“கரண்ட் லீக் ஆகுது” என்று எல்லாரும் சொல்லும் காரணம் உண்மையில் அவ்வளவு பெரிதல்ல. முழு வீட்டுக்கும் 100 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பான் பொருத்தியிருந்தால், அது விழாத அளவுக்கு நாள் முழுக்க பூமிக்குக் கசிந்தாலும் 23 வாட்தான். மாதம் 17 யூனிட். பில்லை இரட்டிப்பாக்க அது போதாது. உயிருக்கு ஆபத்து என்பதால் சரிசெய்தே ஆக வேண்டும், அது தனி விஷயம். பிளக்கில் செருகினால் மின்சாரம் மிச்சமாகும் என்று இணையத்தில் விற்கும் குட்டிப் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வீட்டு மீட்டர் கணக்கிடுவது கிலோவாட் மணியை. அந்தப் பெட்டி அதை மாற்றாது.

மெயினை இறக்கியும் சிமிட்டினால்?

மெயின் சுவிட்சை இறக்கிய பிறகு விளக்கு சிமிட்டக் கூடாது. சில மீட்டர்களில் அது அணையாமல் நிலையாக எரியும். சுமை இல்லை என்று பொருள். தொடர்ந்து சிமிட்டினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள், அல்லது மீட்டரிலேயே கோளாறு. ஒரே வீட்டைப் பல அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கும் இடங்களில் முதல் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது. நீங்களே முத்திரையை உடைத்துப் பார்க்காதீர்கள். மீட்டர் தெனாகாவின் சொத்து, உடைத்தால் பழி உங்கள் மேல் வரும். சிமிட்டலைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து, மீட்டர் எண்ணும் தேதியும் தெரியும்படி வைத்துக்கொண்டு, 1-300-88-5454-க்கு அழைத்து மீட்டர் சோதனை கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த கதவு எரிசக்தி ஆணையம், சுருஹான்ஜாயா தெனாகா. வீட்டுக்குள் இருக்கும் வயரிங் என்றால், அந்த ஆணையத்தில் பதிவுபெற்ற மின்பணியாளரை மட்டுமே கூப்பிடுங்கள்.