வாசித்து முடித்தபின் நாலு வரி

நூலொன்றின் கடைசி ஏட்டை மூடியபின் சற்று நேரம் வாளாவிருக்கின்றோம் அல்லவா? அவ்வேளையில் உள்ளத்தில் எழுவதை நாலு வரியில் எழுதியனுப்புமாறு வாசக நேயர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுட் பல, அருமையான நூல், அனைவரும் வாசிக்கவேண்டியது என்ற அளவில் நின்றுவிட்டன. புகழுரையில் எமக்கு வெறுப்பில்லை. ஆயினும், அவ்வரியை வேறெந்த நூலுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம். நூலும் அதில் இல்லை. வாசித்தவரும் அதில் இல்லை. இரண்டும் இருந்த மூன்று கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் எழுதியது. அவர் வாசித்தது 'கிராமப் பிறழ்வு'. மார்ட்டின் விக்கிரமசிங்க 1944ஆம் ஆண்டில் சிங்களத்தில் வெளியிட்ட 'கம்பெரலிய' நாவலை எம். எம். உவைஸ் இப்பெயரால் தமிழாக்கினார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்க, அப்படம் 1965ஆம் ஆண்டில் புதுதில்லித் திரைப்பட விழாவில் தங்கமயில் விருது பெற்றது. தென்னிலங்கைக் கிராமமொன்றில் பழங்குடும்பமொன்று செல்வங் குன்றித் தளர்வதும், வணிகத்தால் புதிய மனிதர் தலையெடுப்பதும் கதை. குலப்பெருமை பாராட்டிப் பியலுக்கு மகள் நந்தாவைக் கொடுக்க மறுத்த வீடு, காலம் புரண்டபின் அவனையே ஏற்கின்றது.

அவ்வீட்டைப் பற்றி வாசிக்குந்தோறும் தம் அம்மம்மாவின் நாற்சார் வீடே கண்முன் நின்றதாக மாணவி எழுதுகின்றார். ஓடு பெயர்ந்தும் கௌரவம் பெயராத வீடாம் அது! மொழியறியாத மக்களிடத்தும் நம் வீட்டுக் கதையே நடந்திருக்கின்றதே என்று வியக்கும் அவர், ஒரு குறையும் கூறுகின்றார்: நந்தா ஏன் வாய்திறந்து தன் விருப்பத்தைச் சொல்லவில்லை? நல்ல வினா. அத்தகைய வீட்டில் மகளின் விருப்பத்தைக் கேட்பார் இருக்கவில்லை என்பதே எமது விடை. ஆயினும், மாணவியின் சினம் எமக்கு உவப்பாயிருந்தது.

இரண்டாவது கடிதம் அட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்தது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவலை, கண்பார்வை மங்கிய தம் அம்மாயிக்கு இரவுதோறும் சிறிது சிறிதாக வாசித்துக் காட்டினாராம் ஓர் இளம்பெண். தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடித் தேயிலை மலைக்கு வந்தவர்களின் வாழ்வைக் கூறுவது அந்நூல். துரையும் கங்காணியும் செய்த கொடுமை மெய்தான், ஆனால் லயத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம் என்பது அம்மாயியின் கருத்து. நூல் வெளிவந்த ஆண்டை அவர் கேட்டபோது, 1964 என்று பேத்தி சொல்ல, கிழவி நெடுநேரம் பேசவில்லையாம்.

காரணம் உண்டு. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று அதில் தலைகள் எண்ணப்பட்டன. அம்மாயியின் தமக்கை தலைமன்னாரிற் கப்பலேறியவர். சில ஆண்டுகளின் பின் கடிதம் நின்றுபோயிற்று. நூல் முடிந்துவிட்டது, எங்கள் வீட்டில் கதை முடியவில்லை என்று பேத்தி எழுதியுள்ளார்.

மூன்றாவது, வடமராட்சியைச் சேர்ந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் எழுதியது. பேரன் கொண்டுவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் பாதியில் மூடிவைத்தாராம். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமைகளைக் கூறும் நூல் அது. 1972ஆம் ஆண்டில் வெளிவந்தது. பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று அவர் கேட்க, அது ஆறிவிட்டதா தாத்தா என்று பேரன் கேட்டானாம். மீண்டும் எடுத்து முடித்தார்.

பொது இடங்களில் சாதி காரணமாகத் தடைசெய்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வந்தும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் மக்கள் உள்ளே செல்லப் போராடவேண்டியிருந்தது. அப்போது நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்ற பேரனின் அடுத்த வினாவுக்குத் தாம் இன்னும் விடை கூறவில்லை என்று ஒளிக்காமல் எழுதுகின்றார் ஆசிரியர். நாவலிற் சில இடங்களில் பிரசாரம் மிகுந்துவிட்டது என்கின்றார். நான் நூலை மூடியது அதனாலன்று என்றும் உடனே சேர்க்கின்றார். இவ்வளவு நேர்மையான மதிப்புரையை நாம் அண்மையில் வாசித்ததில்லை.

மூவரும் புலவரல்லர்; திறனாய்வு நூல் கற்றவருமல்லர். வாசிக்கும்போது எங்கே நின்றோம், எதனை ஒப்பவில்லை, எது நினைவுக்கு வந்தது என்ற மூன்றை மட்டும் மறைக்காமல் எழுதினர். அதுவே போதும். வீட்டிலுள்ளோர் யாவரும் இதனைச் செய்யலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதி, திகதியிட்டு, நூலினுள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்து வாசிப்பவர் அதன் கீழே தம் வரியை எழுதட்டும். அப்பாவும் மகளும் அங்கே முரண்பட்டால் இன்னும் நன்று. நேரிற் பேசத் தயங்கும் சிலவற்றை, இடையே ஒரு நூல் இருந்தால் நாம் பேசிவிடுகின்றோம்.

அந்த ஆசிரியர் தம் பேரனுக்குரிய விடையையும் அத்துண்டிலேயே எழுதி வைப்பார் என்று நம்புகின்றோம்.