அழைப்பு மணியும் வளர்ப்பு நாயும்

கடந்த ஆண்டு நவம்பர் மாதத்தில், ஓய்வூதியதாரர் ஒருவரின் உயிர்வாழ் சான்றிதழைப் பதிவு செய்வதற்காக பெங்களூரு ஒக்கலிபுரத்திலுள்ள அவரது இல்லத்திற்குச் சென்றிருந்தேன். எழுபத்தைந்து வயதைக் கடந்த அவருக்கு மூட்டுவலியால் கிளைக்கு வர இயலாத நிலை. நகர ரயில் நிலையத்தை ஒட்டிய அப்பகுதியில் சந்துகள் குறுகியவை. தெருவுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையே இரண்டு படிகளே இருந்தன.

அழைப்பு மணியை அழுத்திய மறுகணம், கம்பிக் கதவின் மீது ஒரு நாய் பாய்ந்தது. "ஒண்ணும் செய்யாது சார், உள்ளே வாங்க" என்று பெரியவரின் குரல் கேட்டது. கைரேகைக் கருவியுடன் நான் தெருவிலேயே நின்றிருந்தேன். நாயை அறைக்குள் அடைத்த பின்னரே வேலை முடிந்தது. விடைபெறும்போது அவர் கூறிய சொற்கள் என் மனத்தில் தங்கிவிட்டன: "தனியா இருக்கேன்னுதான் சார் இவனை வளர்த்தேன். இப்போ இவனுக்குப் பயந்துக்கிட்டே யாரும் வர்றதில்லை."

காவலுக்கும் துணைக்கும் வளர்த்த ஓர் உயிர், வளர்த்தவரையே தனிமைப்படுத்துவது ஏன்? அதைச் சரிசெய்ய இயலுமா? கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களில் படித்தும் அறிந்தவற்றை நம் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எல்லை உணர்வு என்பது யாது?

தான் உண்டு உறங்கும் இடத்தையும், தன் குடும்பத்தினர் நடமாடும் இடத்தையும் நாய் தன்னுடையதாகக் கருதுகிறது. அந்த எல்லைக்குள் அறிமுகமில்லாதவர் நுழையும்போது குரல் எழுப்புவதும், தடுக்க முற்படுவதும் அதன் இயல்பு. குட்டிப் பருவத்தில் அனைவரிடமும் வாலாட்டிய நாய், ஒன்று முதல் மூன்று வயதுக்குள் முதிர்ச்சி அடையும்போது இவ்வுணர்வு வெளிப்படத் தொடங்கும். "திடீரென்று மாறிவிட்டது" எனப் பலர் வருந்துவது இக்கட்டத்தில்தான்.

இராஜபாளையம், கோம்பை போன்ற நம் நாட்டு இனங்களில் காவல் குணம் இயல்பாகவே மிகுதி. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. கர்நாடகத்தின் முதோளும் தமிழகத்தின் இராஜபாளையமும் அவற்றுள் அடங்கும். அத்தகைய நாய்களே தபால்காரரைக் கண்டால் முதலில் குரைக்கின்றன!

தபால்காரரிடம் ஏன் இத்தனை கோபம்?

இதற்கான விடை எளிது. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வேலை முடிந்ததால் அவர் சென்றார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் நாயின் கணக்கோ வேறு. 'நான் குரைத்தேன், அவர் ஓடினார்' என்றே அது முடிவு செய்கிறது. நற்பயன் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பதை, அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898ஆம் ஆண்டில் பூனைகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில் காட்டினார்.

கூரியர் ஊழியர், உணவு கொண்டுவரும் இளைஞர், மின் கணக்கெடுப்பவர் என நாள்தோறும் பலர் வந்து செல்லும் நகர வாழ்வில், நாய்க்கு இவ்வெற்றி நாளொன்றுக்குப் பலமுறை கிட்டுகிறது. வங்கி மொழியில் சொல்வதானால், ஒவ்வொரு குரைப்பும் ஒரு வைப்புத்தொகை. வட்டிக்கு வட்டி சேர்ந்து ஓராண்டில் பெருகிவிடுகிறது. வாசலுக்கும் தெருவுக்கும் இடைவெளியில்லாத வீடுகளில், வழிப்போக்கர்கூட எல்லைக்குள் வந்தவராகவே கருதப்படுவார்.

குரைப்பைப் புரிந்துகொள்ளுதல்

எல்லாக் குரைப்பும் ஒன்றல்ல. ஹங்கேரி நாட்டின் ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாயைப் பாராமல் ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களும் அது எச்சூழலில் குரைக்கிறது என்பதை ஓரளவு சரியாகக் கணித்தனர். அந்நியரைக் கண்டு எழும் குரைப்பு தாழ்ந்த ஒலியுடனும், கரகரப்பாகவும், இடைவெளி குறைந்தும் இருக்கும். தனிமையில் எழுவது மெல்லிய கூரொலியாக, விட்டுவிட்டு ஒலிக்கும்.

உடல் விறைத்தல், பிடரி மயிர் சிலிர்த்தல், பல்லைக் காட்டுதல், உறுமுதல் ஆகியவை கடிக்கும் முன் நாய் விடுக்கும் எச்சரிக்கைகள். உறுமும் நாயை அடிப்பது பெருந்தவறு. அடிக்கு அஞ்சி அது உறுமுவதை நிறுத்தக்கூடும், கடிப்பதை நிறுத்தாது. எச்சரிக்கை மணியைத் துண்டித்துவிட்டால் தீ அணைந்துவிடுமா?

நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைப்பதும் தீர்வன்று. கட்டப்பட்ட நாய் விலகிச் செல்ல இயலாததால் எதிர்க்கவே முற்படும். எப்போதும் கட்டிவைத்துள்ள நாய்க்கு உரிய உடற்பயிற்சி அளிக்கத் தவறுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தெருவை நோக்கிய கம்பிக் கதவின் கீழ்ப்பகுதியை அட்டையாலோ தகட்டாலோ மறையுங்கள். பார்வை குறைந்தால் குரைப்பும் குறையும்.

இரண்டாவதாக, வாசலிலிருந்து தள்ளி ஒரு விரிப்பை நாய்க்கென ஒதுக்குங்கள். வீட்டாரில் ஒருவர் மணியை அழுத்த, மற்றவர் நாயை விரிப்புக்கு அழைத்துத் தின்பண்டம் கொடுக்க வேண்டும். நாளைக்குப் பத்து முறை எனச் சில வாரங்கள் செய்தால், 'மணி ஒலித்தால் விரிப்பில் உணவு' என்னும் புதிய கணக்கு பழையதை மாற்றும்.

மூன்றாவதாக, விருந்தினர் வரும்போது நாய் கழுத்துப்பட்டையுடன் உங்கள் பிடியில் இருக்கட்டும். வந்தவர் நாயை உற்று நோக்காமல் அமைதியாக அமரட்டும். நாய் தானே நெருங்கும்வரை எவரும் தொட வேண்டாம்.

நான்காவதாக, குட்டி வாங்குவோர் மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலத்தைத் தவறவிடலாகாது. அப்போது பலவகை மனிதர்களைப் பழகிய நாய், பின்னாளில் அந்நியரைக் கண்டு எளிதில் அஞ்சாது.

கருத்தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பர். ஆண் நாய் சிறுநீரால் எல்லை குறிப்பதும் ஊர் சுற்றுவதும் அதனால் குறையக்கூடும். அந்நியரிடம் காட்டும் சீற்றம் அதனால் மட்டும் அடங்கும் என எதிர்பார்க்க இயலாது. நாய் ஏற்கெனவே கடித்திருந்தால் வீட்டிலேயே முயலாமல் கால்நடை மருத்துவரை நாடுங்கள். பெங்களூருவில் ஹெப்பாளத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது.

உரிமையாளரின் பொறுப்பு

வளர்ப்பு விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாநகராட்சியில் நாயைப் பதிவு செய்து உரிமம் பெறுவதும், வெறிநோய்த் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டு அட்டையைப் பாதுகாப்பதும் உரிமையாளரின் கடமை.

கடி நேர்ந்தால், காயத்தை ஓடும் நீரிலும் சோப்பாலும் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதையும் பூச வேண்டாம். வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

நிறைவாக ஒன்று. அந்தப் பெரியவர் தம் மருமகளின் உதவியுடன் இப்பயிற்சியை இரண்டு மாதம் மேற்கொண்டார். அண்மையில் வேறொரு பணிக்காக மீண்டும் அங்கே சென்றேன். மணி ஒலித்ததும் நாய் இரண்டு முறை குரைத்தது. பின்னர் மூலையிலிருந்த சாக்கு விரிப்பில் சென்று அமர்ந்தது. நான் முதன்முறையாக அவ்வீட்டில் தேநீர் அருந்தினேன். "இப்போ பேரப் பசங்க ஞாயிற்றுக்கிழமை வர்றாங்க சார்" என்றார் அவர்.