நாடாவின் விலையா, உழைப்பின் விலையா?

நண்பருக்கு ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்தால், அது திரும்பி வரும்வரை உங்கள் அலமாரியில் ஓர் இடம் காலியாக இருக்கும். மென்பொருளைப் படியெடுத்துக் கொடுத்தாலோ, நண்பருக்கும் கிடைக்கிறது. உங்களிடமும் அப்படியே இருக்கிறது. யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? வீடுகளுக்குக் கணிப்பொறி வரத் தொடங்கிய காலத்திலேயே எழுந்த கேள்வி இது.

1975 ஜனவரியில் அமெரிக்காவில் 'ஆல்டேர் 8800' என்ற சிறு கணிப்பொறி அறிமுகமாயிற்று. உதிரிப் பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பற்றவைத்துப் பொருத்திக்கொள்ளலாம். விலை சுமார் 400 டாலர். அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முன்பக்கத்தில் இருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, ஒவ்வொரு கட்டளையையும் 0, 1 என்ற எண்களாகச் செலுத்த வேண்டும்.

இத்தொல்லையைப் போக்க உதவியது 'பேசிக்' மொழி. அதில் எளிய ஆங்கிலச் சொற்களால் கட்டளை இடலாம். அக்கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் மென்பொருளை ஆல்டேருக்காக எழுதியவர்கள் பில் கேட்ஸ், பால் ஆலன், மான்ட்டி டேவிடாஃப் என்ற மூன்று இளைஞர்கள். துளையிட்ட காகித நாடாவில் அது விற்பனைக்கு வந்தது. கலிபோர்னியாவில் கணிப்பொறி ஆர்வலர் சங்கம் ஒன்றின் உறுப்பினர் கைக்கு ஒரு நாடா கிடைத்தது. பிறகு என்ன? அதற்குப் பல படிகள் எடுக்கப்பட்டு, கூட்டத்தில் இலவசமாக வழங்கப்பட்டன.

1976 பிப்ரவரியில் கேட்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்போரில் பத்தில் ஒருவர்கூட பேசிக்கை விலை கொடுத்து வாங்கவில்லை. அதை உருவாக்கப் பயன்படுத்திய கணிப்பொறி நேரத்தின் மதிப்பே 40,000 டாலருக்கு மேல். கிடைத்த வருமானத்தைக் கணக்கிட்டால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்பது அவர் முறையீடு.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு மென்பொருளை எழுத 1,00,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் வாங்கினால் ஆளுக்கு 100 ரூபாயில் செலவு அடைபடும். அவர்களில் 900 பேர் படியெடுத்துக்கொண்டால், மீதி 100 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் தர வேண்டும். இல்லையேல் எழுதியவருக்கு நஷ்டம். ஆகவே, படியெடுத்தவரின் பங்கு மறைந்துவிடவில்லை. அது நேர்மையாக வாங்கியவர் தலையிலோ, உழைத்தவர் தலையிலோ ஏறிவிடுகிறது. நாம் கொடுக்கும் பணம் நாடாவுக்கு அன்று. அதில் பதிந்துள்ள உழைப்புக்கு.

"விலை என் சக்திக்கு மீறியதாயிற்றே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்றைய ஆர்வலர்களும் இதையே கேட்டனர். ஆனால் சிலர் கேள்வியோடு நிற்கவில்லை. டென்னிஸ் ஆலிசன் 'டைனி பேசிக்' என்ற சிறிய வடிவத்துக்குத் திட்டம் வகுத்து வெளியிட்டார். அதைக் கொண்டு பலர் தாங்களே மென்பொருள் எழுதிப் பகிர்ந்துகொண்டனர். டாம் பிட்மன் தமது டைனி பேசிக்கை வெறும் 5 டாலருக்கு விற்றார். அடுத்தவர் பொருளை எடுக்காமலே விலைக்கு மாற்று வழி காண முடியும் என்பதை இவர்கள் காட்டினர்.

இந்த வழி பின்னர் விரிவடைந்தது. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதன் பொது உரிமம் வெளிவந்தது. உரிமம் என்பது, மென்பொருளைக் கொண்டு நீங்கள் என்னென்ன செய்யலாம் என்று படைத்தவர் தரும் அனுமதி. குனு உரிமம் படியெடுக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் அனுமதிக்கிறது. ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்கும்போது, அதே உரிமைகளை அவர்களுக்கும் தர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. லினக்ஸ் இந்த உரிமத்தின்கீழ் வழங்கப்படுவதே. இதைப் படியெடுத்து நண்பருக்குக் கொடுப்பது திருட்டு ஆகாது. படைத்தவரே அதை விரும்புகிறார்.

ஆக, படியெடுக்கும் செயல் ஒன்றுதான். சரியா தவறா என்பதைத் தீர்மானிப்பது படைத்தவரின் சம்மதம்.

சட்டமும் இதை ஒட்டியே அமைந்துள்ளது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கணிப்பொறி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தது. முறையாகப் பெற்ற மென்பொருளுக்குப் பாதுகாப்புப் படி எடுத்து வைத்துக்கொள்ள அச்சட்டம் இடம் தருகிறது. திருட்டுப் படி என்று தெரிந்தே கணிப்பொறியில் பயன்படுத்தினால் தண்டனை உண்டு.

நாளை நீங்களே ஒரு மென்பொருள் எழுதக்கூடும். அதை விற்பதா, இலவசமாக வழங்குவதா என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றுதானே விரும்புவீர்கள்? அடுத்த முறை நண்பர் ஒரு பென் டிரைவை நீட்டும்போது, "இதன் உரிமம் என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.