ஐந்தடி எட்டங்குலம் போதுமா?
(நமது டில்லி நிருபர்)

எங்கள் ரயில்வே காலனியில் சிமெண்ட் போட்ட கூடைப்பந்து மைதானம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து வளையத்தில் வலை அறுந்து நெடுநாளாகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பையன்கள் கூடுவார்கள். பெரும்பாலும் பஞ்சாபி, ஹரியானாப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பிலேயே ஆறடியைத் தாண்டி நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே நம்மூர்ப் பையன் ஒருவன். என்னுடன் வேலை பார்க்கும் நண்பரின் மகன். வயது 16, உயரம் 5 அடி 5 அங்குலம். அவனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, "சோட்டூ" என்பார்கள். ஆனால் அணி பிரிக்கும்போது முதல் ஆளாக அவனைத்தான் கேட்டு வாங்குவார்கள் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

சென்ற மாதம் அவன் ஒரு தேர்வுக்குப் போனான். எந்த இடம் என்பது வேண்டாம். பந்தைக் கையில் கொடுக்கும் முன்பே சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலருகே நிறுத்தி, குறித்துக்கொண்டு, போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அன்று இரவு நண்பர் என் வீட்டுக்கு வந்தார். "என்ன சார் செய்யறது? இனிமே பந்தை விட்டுட்டு எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கச் சொல்லட்டுமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவிலே ரயில்வே வேலை கிடைக்கும்னு அவன் நம்பிக்கிட்டு இருக்கான். உயரமே இல்லைன்னா எப்படி?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் ஜப்பானிய வீரர் யூகி கவாமுராவின் கதையை விவரமாகப் படித்தேன்.

பெரிய இடத்தில் சின்ன ஆள்

2001ஆம் ஆண்டு மே 2ந் தேதி ஜப்பானின் யமகுச்சி மாநிலத்தில் பிறந்தவர் கவாமுரா. உயரம் 5 அடி 8 அங்குலம் என்று கணக்கில் இருக்கிறது. நம்மூரில் இது நல்ல உயரம்தான். மாப்பிள்ளை பார்க்கும்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. என்கிற தொழில்முறைக் கூடைப்பந்தில் ஆட்டக்காரர்களின் சராசரி உயரம் சுமார் 6 அடி 6 அங்குலம். வளையமோ தரையிலிருந்து 10 அடி.

கவாமுரா ஆடுவது "கார்டு" இடத்தில். கார்டு என்றதும் ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி காட்டுபவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். (அவரையும் 2022 முதல் "டிரெயின் மேனேஜர்" என்றுதான் அழைக்க வேண்டும் என்று உத்தரவு.) பந்தைக் கீழிருந்து தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, உரிய நேரத்தில் உரிய ஆளிடம் சேர்ப்பிப்பவரே பாயிண்ட் கார்டு. ஐந்து பேரில் இவர் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிடக் குட்டையாக இருக்கலாம் என்று பழைய காலம் தொட்டே ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகையும் ஆறடி, ஆறே காலடி வரையில்தான்.

ஜப்பானின் பி.லீக் போட்டியில் யோகோஹாமா அணிக்கு ஆடிய கவாமுரா, 2022-23 பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 2023 ஆகஸ்டில் ஒகினாவாவில் நடந்த உலகக் கோப்பையில் பின்லாந்துக்கு எதிராக ஜப்பான் பின்தங்கியிருந்த நேரம். கடைசிப் பகுதியில் இவர் புகுந்து விளையாடினார்; ஆட்டம் முழுவதிலுமாக 25 புள்ளிகள் எடுத்தார். ஜப்பான் 98-88 என்று வென்றது.

ஆனால் உலகம் அவரைக் கவனித்தது 2024 ஜூலை 30ந் தேதிதான். பாரீஸ் ஒலிம்பிக்கில் எதிரே நின்றது பிரான்ஸ். அந்த அணியில் விக்டர் வெம்பன்யாமா, உயரம் 7 அடி 4 அங்குலம்! கவாமுரா அவருக்கு மார்பு வரைக்கும் வருவார். இருந்தும் கவாமுரா 29 புள்ளிகள் எடுத்தார். முடிய சுமார் 10 வினாடி இருக்கும்போது ஜப்பான் நான்கு புள்ளிகள் முன்னிலை. அப்போது பிரெஞ்சு வீரர் ஸ்ட்ராசெல் தொலைவிலிருந்து எறிந்த பந்து விழுந்தது; கூடவே கவாமுரா இடித்துவிட்டார் என்று பவுலும் விழுந்தது. மூன்றும் ஒன்றும் நான்கு. ஆட்டம் 84-84 என்று சமமாகி, கூடுதல் நேரத்தில் பிரான்ஸ் 94-90 என்று தப்பித்தது. அந்தப் பவுல் சரிதானா என்று இன்றைக்கும் ஜப்பானியர்கள் வாதாடுகிறார்கள். படத்தைப் பலமுறை பார்த்தேன். எனக்கும் அது பவுலாகத் தெரியவில்லை.

டெம்பரரி ஸ்டேட்டஸ்

அதே ஆண்டு செப்டம்பரில் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணி அவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. அக்டோபரில் "இருவழி ஒப்பந்தம்" கொடுத்தது. இது என்ன என்று நம் ரயில்வே நண்பர்களுக்கு விளக்குவது மிகச் சுலபம். டெம்பரரி ஸ்டேட்டஸ் மாதிரிதான். ஓர் அணிக்கு நிரந்தர இடம் 15, இருவழி இடம் 3. அணிகள் 30. ஆக, உலகம் முழுவதிலுமிருந்து 540 பேருக்குத்தான் இடம். இருவழிக்காரர் பெரும்பாலும் ஜி லீக் எனப்படும் கீழ்மட்டப் போட்டியில் ஆட வேண்டும். மேலே ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். பருவத்தின் 82 ஆட்டங்களில் 50க்கு மேல் அவரை வைத்துக்கொள்ளக் கூடாது. சம்பளமும் அதற்கேற்ற மாதிரி.

2024 அக்டோபர் 25ந் தேதி ஹூஸ்டன் அணிக்கு எதிராக கவாமுரா முதன்முதலில் களமிறங்கினார். ஜப்பானில் பிறந்து என்.பி.ஏ.வில் ஆடிய நான்காவது ஆள் அவர். அந்தப் பருவத்தில் 22 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். 2025 கோடையில் சிகாகோ புல்ஸ் அணி அதேபோன்ற ஒப்பந்தம் கொடுத்தது. அக்டோபரில் காலில் ஏற்பட்ட கோளாறால் விடுவித்து, பின்னர் மறுபடியும் அழைத்துக்கொண்டது.

இவருக்கு முந்தியவர்களைப் பார்த்தால் இதுவே பெரிய காரியம். 2004 நவம்பரில் யூட்டா தபூசே என்ற ஜப்பானியர், 5 அடி 9 அங்குலம், பீனிக்ஸ் அணிக்கு ஆடினார். நான்கே ஆட்டங்கள், டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கும் முன்னே, 1947இல், நியூயார்க் அணியில் வாட் மிசாகா ஆடினார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர், உயரம் 5 அடி 7 அங்குலம். யுத்தம் முடிந்து இரண்டே வருஷம். ஜப்பானிய முகத்தைக் கண்டால் அமெரிக்காவில் முகம் சுளித்த காலம். மூன்று ஆட்டங்களில் 7 புள்ளிகள் எடுத்த பிறகு அவரை நீக்கிவிட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பி என்ஜினீயராக வேலை பார்த்து, 2019இல் தமது 95ஆம் வயதில் காலமானார்.

உயரம் இருந்தவர்கள் கதை

சரி, குட்டையாக இருந்ததால்தான் போச்சு என்று சொல்லலாமா? இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்திய வம்சாவளியில் முதன்முதல் என்.பி.ஏ.வில் ஆடியவர் கனடாவில் பிறந்த சிம் புல்லர். உயரம் 7 அடி 5 அங்குலம். 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ அணிக்கு அவர் ஆடியதும் மூன்றே ஆட்டங்கள்! எடுத்தது 2 புள்ளிகள். ஐந்தடி ஏழங்குல மிசாகாவுக்கும் மூன்று, ஏழடி ஐந்தங்குலப் புல்லருக்கும் மூன்று.

அதே 2015இல் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங்கை டல்லாஸ் அணி 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 7 அடி 2 அங்குலம். இந்தியாவில் பிறந்து இப்படித் தேர்வான முதல் ஆள். லூதியானா அகாடமியில் அவரை உருவாக்கிய பயிற்சியாளரின் பெயர் டாக்டர் எஸ். சுப்ரமணியன் என்றால் நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். ஆனால் சத்னாமுக்கு என்.பி.ஏ.வின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட ஆடும் வாய்ப்பு வரவில்லை. பிற்பாடு மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய்விட்டார்.

2017இல் டில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் என்.பி.ஏ. தனது அகாடமியைத் தொடங்கியது. நாடு முழுவதும் தேடிச் சேர்த்த பையன்களில் வெளியே பெயர் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நெட்டையர்களே. பிரின்ஸ்பால் சிங் 6 அடி 10 அங்குலம். நமது தேசத்தில் கூடைப்பந்துக்கு ஆள் தேடுவது என்றால் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்றே அர்த்தமாகிவிட்டது. நெட்டையனுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம், குட்டையனை நெட்டையாக்க முடியாது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏழடிக்காரரிடம் பந்தைக் கொண்டு சேர்க்க யார் இருக்கிறார்கள்?

குட்டையாக இருப்பதில் லாபம், நஷ்டம்

உயரம் குறைந்தவனுக்குப் பந்து தரையை ஒட்டித் துள்ளும். நெட்டையன் குனிந்து தட்டிப் பறிப்பது கஷ்டம். திரும்புவதும் நிற்பதும் அவனுக்குச் சீக்கிரம். கால்களுக்கிடையில் புகுந்து எதிரியின் பந்தைத் திருடவும் முடியும். அமெரிக்கரான மக்சி போக்ஸ் 5 அடி 3 அங்குலம்தான். எங்கள் காலனிப் பையனைவிட இரண்டங்குலம் கம்மி! 1987இல் வாஷிங்டன் அணி 12ஆவது ஆளாக அவரை எடுத்தது. அந்த அணியிலேயே 7 அடி 7 அங்குலம் உயர மனூட் போலும் இருந்ததால் இருவரையும் சேர்த்து நிறுத்திப் புகைப்படம் எடுத்துச் சிரித்தார்கள். அந்தப் போக்ஸ் 14 பருவங்கள், 889 ஆட்டங்கள் ஆடினார். மற்றவர்கள் புள்ளி எடுக்க அவர் கொடுத்த பாஸ் 6,726.

நஷ்டம் எங்கே என்றால், தடுப்பாட்டத்தில். எதிரணிக்காரர்கள் சூது தெரிந்தவர்கள். ஒரு நெட்டையனைக் குறுக்கே நிறுத்தி மறித்து, குட்டையானவன் வேறு வழியில்லாமல் பெரிய ஆளைக் காவல் காக்கும்படி செய்துவிடுவார்கள். பிறகு அவன் தலைக்கு மேலேயே எறிவார்கள். அவன் எடுத்துக் கொடுக்கும் புள்ளியை அவன் வழியாகவே திருப்பி எடுத்துக்கொள்வார்கள். 5 அடி 9 அங்குல ஐசயா தாமஸ் 2011இல் 60 பேரில் 60ஆவதாகத் தேர்வாகி, 2016-17இல் பாஸ்டன் அணிக்காக ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளிகள் எடுத்தவர். இடுப்பில் காயம் பட்டு வேகம் குறைந்ததும் அவரை அணி அணியாகத் தள்ளிவிட்டார்கள். நெட்டையனுக்கு வேகம் குறைந்தாலும் உயரம் மிச்சமிருக்கும். குட்டையனுக்கு வேகம்தான் உயரம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கவாமுரா என்.பி.ஏ.வில் முதல் ஐந்தில் ஒருவராக வருவது மிகவும் கடினம். அவர் எறிவதோ பாஸ் கொடுப்பதோ குறை அல்ல. முப்பது நிமிடம் நிறுத்தி வைத்தால் தடுப்பாட்டத்தில் தாங்காது. ஆட்டம் மந்தமாகும்போது எட்டு, பத்து நிமிடம் இறங்கி வேகத்தை ஏற்றிவிட்டுத் திரும்புகிற வேலைக்கு அவர் தகுதியானவர். ஆனால் ஜப்பான் அவரை எப்படி வளர்த்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பள்ளிக்கூடத்திலேயே பந்தை அவர் கையில் கொடுத்து அணியை நடத்தச் சொன்னார்கள். அளவுகோலருகே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தால் பாரீஸ் ஒலிம்பிக்கில் அந்த 29 புள்ளிகள் ஏது?

நம் பையனுக்கு?

நம் விஷயத்துக்கு வருகிறேன். நமது நாடு ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஆடியது ஒரே தடவை, 1980இல் மாஸ்கோவில். ஆடிய ஏழிலும் தோல்வி. அதன் பிறகு தகுதியே பெறவில்லை. எனவே அமெரிக்கா, ஒலிம்பிக் என்ற பேச்சை நண்பரிடம் நான் எடுக்கவில்லை. அவருக்கு வேண்டியது மகனுக்கு ஓர் உத்தியோகம்.

ரயில்வேயும் கூடைப்பந்தும் நமக்குப் புதிதல்ல. சென்னையின் அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை வகித்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கீது அன்னா ஜோஸும் தென்னக ரயில்வேக்காரரே; 2011இல் அமெரிக்கப் பெண்கள் அணிகளின் தேர்வுக்குப் போய் வந்தார். ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்புகளை ஆபீசில் பலமுறை புரட்டியிருக்கிறேன். அவற்றில் உயரம் இத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று நான் கண்டதில்லை. கேட்பது சான்றிதழை. மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும், அந்த அணி குறிப்பிட்ட இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். அதன் பிறகு சோதனை ஆட்டம். சான்றிதழ் இல்லாவிட்டால் எத்தனை சாமர்த்தியம் இருந்தாலும் விண்ணப்பமே நிற்காது. மாநில அணிக்குள் நுழையும் வாசலில்தான் அந்த அளவுகோல் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

ஆகவே நண்பரிடம் இரண்டு யோசனை சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை புத்தகத்தையும் விட வேண்டாம், பந்தையும் விட வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்காவிட்டால் எஸ்.எஸ்.சி. இருக்கவே இருக்கிறது. இன்னொன்று, பையன் வலக் கையால் மட்டும் பந்தைத் தட்டுகிறான். எதிரி அந்தப் பக்கத்தை மறித்தால் நின்றுவிடுகிறான். ஐந்தடி ஐந்தங்குலக்காரனுக்கு இரண்டு கையும் ஒன்றுபோல் ஓட வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். மெட்ரிக் படிக்கும்போது பள்ளி அணியில் பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். பெஞ்சில் இருப்பவனுக்கு ஆட்டம் நன்றாகத் தெரியும்.

நண்பர் பதிலொன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்துக் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் பிளாக் மாடிப்படிக்குக் கீழே டொக், டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். பையன் வலக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடக் கையால் தட்டிக்கொண்டிருந்தான். "அங்கிள், தூக்கம் கெட்டுதா?" என்றான். எனக்கில்லை, நைட் டியூட்டி முடித்து வந்த கீழ்வீட்டுக்காரருக்குத்தான் என்று சொல்லி, மைதானத்துக்குப் போகச் சொன்னேன். மாநில ஜூனியர் தேர்வுக்கு விண்ணப்பப் பாரத்தை நண்பர் வாங்கி வைத்திருக்கிறாராம். உயரம் என்ற இடத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.