கோப்பு வழங்கியும் தொலைநினைவகச் சாவியும்

ஓரிடத்தில் சேமித்த கோப்புகளைப் பல கணினிகள் தத்தம் சொந்த வட்டில் இருப்பனபோலவே எடுத்தாளும் ஏற்பாடு புதியதன்று. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய வலைக்கோப்பு முறை, என்.எஃப்.எஸ். என்னும் சுருக்கப் பெயரால், இன்றும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பயன்பட்டு வருகின்றது. கோப்புகளை வைத்திருந்து கொடுக்கும் கணினியை வழங்கி என்றும், வேண்டிப் பெறுவதைக் கேட்கும் கணினி என்றும் ஈண்டுக் குறிப்போம்.

அம்முறையின் இரண்டாம் பதிப்பில், ஒரு வேண்டுகோளுக்கு விடையாக 8 கிலோபைட்டுக்கு மேல் பெற இயலாது. இன்று ஒரே வேண்டுகோளில் 1 மெகாபைட்டு பெறுவது வழக்கமாகிவிட்டது. நொடிக்கு 100 கிகாபிட்டு கடத்தும் வலைக்கம்பியில் அந்த 1 மெகாபைட்டு செல்வதற்கு ஏறத்தாழ 84 மைக்ரோநொடி போதும். ஆயினும், அத்தகைய கம்பியைப் பூட்டிய பிறகும் எதிர்பார்த்த வேகம் கிட்டவில்லை என்று குறைப்படுவோர் பலர். தடை கம்பியில் இல்லை. கம்பி வந்து முடியும் இடத்தில் இருக்கிறது.

கிட்டங்கி ஒன்றுக்கு லாரியில் மூட்டைகள் வருவதாகக் கொள்வோம். வாயிலில் இறக்கி, கிராணி எண்ணிக் குறித்துக்கொண்டு, பின்னர் ஆள் விட்டு உள்ளே அடுக்கச் செய்கிறார். லாரியை எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் வாயிலில் மூட்டை குவியுமேயன்றி உள்ளே விரைந்து சேராது. வழக்கமான வலைத்தொடர்பிலும் நிகழ்வது இதுவே. 1 மெகாபைட்டுச் செய்தி, சாதாரண ஈதர்நெட்டு அளவில், எழுநூற்றுக்கும் மேற்பட்ட பொட்டலங்களாகப் பிரிந்து வருகின்றது. வலையட்டை அவற்றை முதலில் இயக்க அமைப்பின் நினைவகப் பகுதியில் எழுதுகின்றது. செயலி அங்கிருந்து அவற்றைப் படித்து, உரிய இடத்தில் மீண்டும் எழுதுகின்றது. ஒருமுறை எழுதினாற் போதுமான பொருள், எழுதி, படித்து, மறுபடியும் எழுதி என மூன்று முறை நினைவகத்தின் வாயிலைக் கடக்கின்றது. செயலி செய்யவேண்டிய கணக்கு வேலையோ, அது சுமை தூக்கி முடிக்கும்வரை காத்திருக்கிறது.

இக்கூலி வேலையை ஒழிக்க எழுந்ததே தொலைநினைவக நேரணுகல். ஆர்.டி.எம்.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். ஒரு கணினியின் வலையட்டை மற்றொரு கணினியின் நினைவகத்தில், அங்குள்ள செயலியை எழுப்பாமலே, நேரே எழுதும். அங்கிருந்து நேரே படிக்கவும் செய்யும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்ஃபினிபேண்டு விதிகள் இதற்கு அடித்தளமாயின. பின்னர் ஈதர்நெட்டுக் கம்பியின் மீதும் இதனைச் செய்யும் வழிகள் தோன்றின. லினக்ஸ் உட்கருவில் என்.எஃப்.எஸ்.-க்கு இவ்வசதி 2008-இல் சேர்ந்தது. அதற்குரிய பொது விதி 2010-இல் ஆர்.எஃப்.சி. 5666 என வெளியாகி, 2017-இல் ஆர்.எஃப்.சி. 8166 எனத் திருத்தம் பெற்றது.

இங்கேதான் கவனிக்க வேண்டியது தொடங்குகிறது. பிறர் நேரே வந்து எழுதத்தக்கதாக நம் நினைவகத்தைத் திறந்துவைக்க வேண்டுமாயின், எந்தப் பகுதி, எவ்வளவு நீளம், எழுதவா படிக்கவா என்பனவற்றை முன்கூட்டியே வலையட்டையிடம் அறிவிக்க வேண்டும். இதற்குப் பதிவு என்று பெயர். 1 மெகாபைட்டு என்பது 4 கிலோபைட்டு அளவுள்ள 256 நினைவகப் பக்கங்கள். அவை ஒவ்வொன்றும் இடம் பெயராதபடி நிறுத்தப்பட வேண்டும். அவற்றின் முகவரிப் பட்டியல் வலையட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். அதன்பின் அப்பகுதிக்கு 32 இருமங்கள் கொண்ட ஓர் எண் கிடைக்கும். அதுவே சாவி. அச்சாவியை எதிர்க்கணினிக்குச் சொல்லியனுப்பினால்தான் அது உள்ளே வரமுடியும். வேலை முடிந்ததும் சாவியைச் செல்லாததாக்கிப் பதிவை நீக்க வேண்டும். சுமைதூக்கும் செலவு போயிற்று. கதவு திறந்து பூட்டும் செலவு வந்தது. கோப்பு வழங்கியில் இந்த அணுகலைச் செம்மை செய்தவர்களின் உழைப்பிற் பெரும்பகுதி, கதவின் செலவைக் குறைப்பதிலேயே சென்றிருக்கிறது.

யார் கதவைத் திறப்பது என்பது முதற்கேள்வி. தொடக்கத்தில் ஒரு வழி இருந்தது. வழங்கி தன் நினைவகத்தைத் திறந்து சாவியைக் கொடுக்கும். கேட்கும் கணினி வந்து படித்துக்கொண்டு, ‘முடிந்தது’ என ஒரு செய்தி அனுப்பும். அதன்பின் வழங்கி கதவை அடைக்கும். பார்வைக்கு எளிய வழிதான். ஆனால், அந்த ‘முடிந்தது’ என்னும் செய்தி வராவிட்டால்? கேட்கும் கணினி நின்றுபோனாலும், வேண்டுமென்றே மௌனமாக இருந்தாலும், வழங்கியின் நினைவகம் திறந்தபடியே கிடக்கும். நூறு பேருக்குக் கோப்புக் கொடுக்கும் கணினி, ஒருவருடைய நாணயத்தை நம்பித் தன் உள்ளறையைத் திறந்துவைப்பது தகுமா? 32 இருமச் சாவியை ஊகித்துப் பார்ப்பதும் நடவாத செயலன்று. எனவே, முறை தலைகீழாக மாற்றப்பட்டது. கேட்கும் கணினி தன் நினைவகத்தில் ஓர் இடத்தைத் திறந்து, அதன் சாவியை வேண்டுகோளுடன் அனுப்பும். வழங்கி அங்கே நேரே எழுதிவிட்டு, பின்னர் விடையை அனுப்பும். வழங்கியின் நினைவகம் எவருக்கும் திறக்கப்படுவதில்லை. எழுத்து முன்னும் விடை பின்னுமாக ஒரே இணைப்பில் வரிசை மாறாமல் செல்வதால், விடை வந்ததென்றால் தரவும் வந்துவிட்டது என்று துணியலாம். ‘முடிந்தது’ என்னும் செய்திக்கும் வேலை இல்லாமற் போயிற்று. பாதுகாப்பு கூடியது, செய்தி ஒன்று குறைந்தது. இரண்டும் ஒருங்கே கிட்டுவது அரிது. 2017-ஆம் ஆண்டு விதி பழைய வழியைக் கைவிட்டது.

அடுத்தது, சாவி எத்தனை என்பது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் பதிவு செய்வது வீண் என்று எண்ணி, நினைவகம் முழுமைக்கும் ஒரே சாவி வைத்துக்கொண்ட காலமும் உண்டு. செலவு என்னவோ சுழியம்தான்! வீடு முழுவதற்கும் ஒரே சாவி செய்து, வருகிறவர் கையிலெல்லாம் கொடுத்தாற்போன்றது அது. வழங்கியில் ஒரு சிறு பிழை நேர்ந்து முகவரி தவறினாலும், கேட்கும் கணினியின் எந்தப் பகுதியும் அழிந்துபோகக்கூடும். லினக்ஸ் இம்முறையை 2016-இல் நீக்கியது. அதற்கு மாற்றாக நிலைத்திருப்பது விரைவுப் பதிவு. இதில் பதிவு செய்யும் கட்டளை, செய்தி அனுப்பும் கட்டளைகள் நிற்கும் அதே வரிசையில் சேர்ந்து நிற்கும். வலையட்டை தானே அதனை நிறைவேற்றும். செயலி காத்திருக்க வேண்டுவதில்லை. சாவியின் கடைசி 8 இருமங்களை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ளலாமாதலால், நேற்றைய சாவி இன்றைக்குப் பொருந்தாது.

திறப்பதைக் காட்டிலும் பூட்டுவதே நுட்பமானது. விடை வந்தவுடன் கோப்பின் தரவைப் பயனருடைய நிரலிடம் ஒப்படைத்துவிட்டு, சாவியைப் பிறகு செல்லாததாக்கிக் கொள்ளலாம் என்னும் சோம்பல் வேகத்துக்கு உதவும். ஆனால், அந்த இடைவெளியில் நிரல் அவ்விடத்தில் வேறொன்றை எழுதத் தொடங்கியிருக்கும். வழங்கியிடம் உள்ள சாவியோ இன்னும் செல்லும். பிழையால் தாமதமாக ஓர் எழுத்து வந்து விழுந்தால், எங்கிருந்து வந்த கேடு என்று கண்டுபிடிப்பதே கடினம். ஆகவே, முதலிற் பூட்டு, பின்னர் ஒப்படை என்னும் ஒழுங்கை லினக்ஸ் மேற்கொண்டது. இதனால் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு காத்திருப்புக் கூடியது. அதைக் குறைக்க வந்ததே தொலைவிலிருந்து பூட்டுதல். வழங்கி தன் விடையை அனுப்பும்போதே, ‘இச்சாவி இனிச் செல்லாது’ என்னும் குறிப்பையும் அதே செய்தியில் சேர்த்துவிடும். கேட்கும் கணினியின் வலையட்டை அதைக் கண்டதும் சாவியை முறித்துவிடும். தனியாக ஒரு கட்டளையும் வேண்டாம். அதற்கென ஒரு காத்திருப்பும் வேண்டாம். ஒரு செய்தி ஒரு சாவியைத்தான் முறிக்கும் என்பது இதன் எல்லை. கேட்கும் கணினி ஒரே வேண்டுகோளுக்கு நான்கு துண்டுகளாகப் பதிவு செய்திருந்தால், மற்ற மூன்றையும் அதுவே பூட்டிக்கொள்ள வேண்டும். துண்டுகள் குறையுமாறு பதிவு செய்வதன் பயன் இங்கே விளங்கும்.

இவ்வளவும் படித்தவர்க்கு, எல்லாத் தரவையும் இவ்வழியே அனுப்புவதுதான் சிறப்பு என்று தோன்றலாம். அது தவறு. சில நூறு பைட்டுகளை அனுப்பக் கதவு திறந்து பூட்டுவது, ஒரு கடிதத்துக்காக லாரி பிடிப்பதை ஒக்கும். அத்தகைய சிறு பொருளைச் செய்திக்குள்ளேயே வைத்து அனுப்பி, மறுமுனையில் படியெடுத்துக்கொள்வதே சிக்கனம். செய்திக்குள் அடங்கத்தக்க அளவு 1024 பைட்டு என்று விதி முதலில் வைத்திருந்தது. இரு கணினிகளும் இணையும்போதே இதைவிடப் பெரிய அளவுக்கு உடன்பட வழி செய்யும் ஆர்.எஃப்.சி. 8797 என்னும் விதி 2020-இல் வந்தது. அவ்வாறு அளவை 4096-ஆக உயர்த்திக்கொண்டால், கோப்புப் பெயர் தேடுதல், சிறு அடைவுகளைப் படித்தல், சில வரிகளை எழுதுதல் முதலான அன்றாட வேலைகள் பதிவின்றியே நடந்துவிடும். படியெடுப்பதை ஒழிக்க எழுந்த முறை, படியெடுத்தலுக்கே ஓரிடம் ஒதுக்கித் தந்திருப்பது வியப்புத்தான்.

கோப்பில் எழுதும்போது மட்டும் ஒரு தாழ்வு தொடர்ந்து இருந்து வருகின்றது. எழுதவேண்டிய பெருந்தரவு கேட்கும் கணினியின் நினைவகத்தில் இருக்கிறது. அதை வழங்கியினுள் நேரே தள்ளிவிட வழியில்லை. வழங்கிதான் தன் கதவைத் திறப்பதில்லையே! ஆகவே, சாவியைப் பெற்ற வழங்கி அங்கே போய்த் தரவைப் படித்து வரவேண்டும். படிக்கும் கட்டளை ஒருமுறை போய் மீள்வதால், கம்பி நீளுந்தோறும் அந்தக் காத்திருப்பும் நீளும். இதை ஈடுசெய்யப் பல வேண்டுகோள்களை ஒரே நேரத்தில் நடத்துவது வழக்கம். ஒன்று போய்வரும் இடைவெளியில் மற்றொன்றின் தரவு வந்து சேர்கிறது. எத்தனை வேண்டுகோள்களை ஏற்க இயலும் என்பதை வழங்கி ஒவ்வொரு விடையிலும் எண்ணிக்கையாகச் சொல்லி அனுப்பும்; கேட்கும் கணினி அதற்கு மேல் அனுப்புவதில்லை.