பழைய கிண்டிலுக்கு ஒரு மறுபிறவி

எறையூர் என்றால் சுற்றுவட்டாரத்தில் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். நாலு நல்ல புத்தகம் பார்த்து வாங்க வேண்டுமென்றால் பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். செல்போனில் சிக்னல் இருந்தால் கதை வேறு. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த அரிய பதிப்புகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் செல்போனில் படித்தால் கண் எரிகிறது. வெளிநாட்டு உறவினர் கொடுத்த பழைய கிண்டில் மின்னூல் கருவியோ பீரோவில் தூங்குகிறது.

தூங்கக் காரணம் உண்டு. 2010இல் வந்த கீபோர்டு வைத்த கிண்டிலில் தமிழைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். அமேசான் தமிழ் மின்னூல்களை முறையாக விற்க வந்ததே 2016 டிசம்பரில்தான். அதற்குள் அந்தக் கருவி கிழமாகிவிட்டது. ஆறு அங்குலத் திரைக்கென்றே ஃப்ரீதமிழ்இபுக்ஸ் இணையதளம் தனி பிடிஎஃப் தயாரித்துத் தருவது எவ்வளவு பெரிய உதவி என்பது அதில் படித்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கிழத்துக்கு வைத்தியம் கேஓரீடர். தன்னார்வலர்கள் எழுதும் இலவசத் திறமூல மென்பொருள். கருவியின் மென்பொருளை அழிக்காமல் அதன் மேலேயே ஓடும். வேண்டாமென்றால் பழையபடி கிண்டிலுக்கே திரும்பலாம். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அதன் எழுத்துரு ஃபோல்டரில் போட்டு, கெர்னிங் அமைப்பை ‘பெஸ்ட்’ என்று வைத்தால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வந்து உட்காரும்.

உண்மையான வித்தை ஸ்கேன் பிடிஎஃப்பில் இருக்கிறது. பெரிய பக்கத்தை ஆறு அங்குலத்துக்குள் அடக்கினால் எழுத்து எறும்பு சைஸில் தெரியும். கேஓரீடரின் ‘ரீஃப்ளோ’வைத் தட்டினால் மென்பொருள் வெள்ளை இடைவெளியைப் பார்த்து வார்த்தை வார்த்தையாகப் படத்தை வெட்டி, பெரிதாக்கி, திரையின் அகலத்துக்கு அடுக்கித் தருகிறது. எழுத்து இன்னதென்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. அதனால் பழைய அச்செழுத்து ‘லை’யும் ‘னை’யும்கூடத் தப்பாமல் வரும். பக்கம் திரும்பக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். காகிதக் கறையையும் சில சமயம் வார்த்தையென்று நினைத்து நடுவில் செருகிவிடும். உரைநடைக்குச் சரி, செய்யுளுக்கு ஆகாது, அடிகளை உடைத்துவிடும். பாட்டுப் புத்தகத்துக்கு ஓரத்தை வெட்டி, திரையைப் படுக்கை வாட்டில் திருப்பிப் படிப்பதே மேல்.

சிக்கல் இல்லாமல் இல்லை. கிண்டிலில் கேஓரீடரை ஏற்ற, அமேசான் வைத்த தடையை உடைக்கும் ‘ஜெயில்பிரேக்’ செய்தாக வேண்டும். கருவியின் எல்லா ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) பதிப்பிலும் அது நடக்காது. தப்பினால் கருவி செங்கல்லாகும். காசு கொடுத்து வாங்கிய பூட்டுப்போட்ட புத்தகங்களை கேஓரீடர் திறக்காது. அவற்றைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியே ஏற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. கிண்டிலைப் போன்ற கோபோ கருவியில் ஜெயில்பிரேக் தொல்லை கிடையாது. ஃபைல்களை அதற்குரிய ஃபோல்டரில் போட்டாலே போதும். செகண்ட் ஹேண்டில் கிண்டில் வாங்கப் போகிறவர், பணத்தை நீட்டும் முன் செட்டிங்ஸில் ஃபர்ம்வேர் எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. வாங்கியதும் வைஃபையை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்டேட் தானாகவே இறங்கி, ஜெயில்பிரேக்குக்கு இருந்த வழியையும் அடைத்துவிடும்.